போன வருஷத்துப் பஞ்சாங்கம்

மரக்காணம் பேப்பரில் வந்தால் ஏதோ கெட்டது நடந்திருக்கிறது என்று அர்த்தம். 2004 டிசம்பரில் சுனாமி. 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல். 2013 ஏப்ரலில் கலவரம். 2020 நவம்பரில் நிவர். 2023 மே மாதம் எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல். இந்தத் தேதிகளுக்கு நடுவே கிடக்கிற வருஷங்களில் அந்த ஊர் என்ன செய்துகொண்டிருந்தது? நாளிதழ்க் கத்தரிப்புகளைக் கட்டுக்கட்டாகப் புரட்டினாலும் பதில் அகப்படாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரிக்குப் போகிறவர்கள் காரை ஓரங்கட்டி, உப்புக் குவியலுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதுவும் ஒரு பதிவுதான். அதில் உப்பு இருக்கிறது, ஊர் இல்லை.

ஊர் எங்கே இருக்கிறது என்றால், யாரும் திறக்காத பழைய மின்னஞ்சல் செய்திமடல்களில் இருக்கிறது என்பது என் கட்சி. சிரிப்பு வரலாம். ஆர்வத்தில் பதிவுசெய்து, நாலு இதழ் படித்து, பிறகு ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று விட்டவை அவை. வானிலைத் துறை அறிக்கைகள், மீனவர் அமைப்புகளின் சுற்றுமடல்கள், பறவை பார்ப்பவர்களின் மாத மடல், நல்கை அறிவிப்புகள் என்று இன்பாக்ஸின் அடியில் வண்டலாகப் படிந்திருக்கின்றன. மின்னஞ்சலின் தேடல் பெட்டியில் ஊர்ப் பெயரைப் போட்டால் வரும். ஆங்கிலத்தில் எழுதியவர்கள் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில் எழுதியிருப்பதால் நாலைந்து விதமாகப் போட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

செய்திமடல் என்பது போன வருஷத்துப் பஞ்சாங்கம். வருஷம் பிறந்ததும் அதன் திதியும் நட்சத்திரமும் செல்லாமல் போகின்றன. ஆனால் எங்கள் வீடுகளில் பழைய பஞ்சாங்கத்தை உடனே தூக்கிப் போடமாட்டார்கள். ஓரத்தில் பென்சிலால் எழுதிய பால் கணக்கு, பசு கன்று ஈன்ற நாள், யாருக்கோ கொடுத்த கைமாற்று எல்லாம் அதில்தான் இருக்கும். அச்சடித்தது காலாவதியானாலும் ஓரத்தில் எழுதியது ஆவதில்லை. செய்திமடலிலும் தலைப்புச் செய்தி செத்துவிடுகிறது. கீழே, யாரும் படிக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதிய இரண்டு வரி உயிரோடு கிடக்கிறது.

அன்றாடக் குறிப்பில் ஊரைத் தேடுகிற இந்த வேலைக்கு மரக்காணத்திலிருந்து தெற்கே ஒரு மணி நேரத்துக்குள் முன்னோடி உண்டு. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, மழை பெய்தது, துரை இப்படிச் சொன்னார், இன்னார் வீட்டில் கல்யாணம் என்று அன்றன்றைக்கு உள்ளதை எழுதிப்போனார். 1761 ஜனவரியில் அவர் இறந்த சில நாளில் பிரெஞ்சுக்காரர்கள் நகரத்தை ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். அந்த முடிவு தெரியாமலே எழுதப்பட்ட கால்நூற்றாண்டு அது. நாட்குறிப்பு அவருடைய வாரிசுகளின் வீட்டில் கிடந்து 1846இல்தான் வெளியே வந்தது. வரலாற்றாசிரியர்கள் அதில் போரையும் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸையும் தேடினார்கள். நாவலாசிரியர் பிரபஞ்சன் வேறொன்றைத் தேடினார். ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ இரண்டும் அங்கிருந்து பிறந்தவை. இரண்டாவதற்கு 1995இல் சாகித்திய அக்காதெமி விருது கிடைத்தது. கோட்டையும் பீரங்கியும் எந்த வரலாற்றுப் புத்தகத்திலும் கிடைக்கும். தாசிகளின் கதையும் தரகர்களின் தந்திரமும் வெற்றிலைத் தட்டின் மரியாதையும் நாட்குறிப்பின் அன்றாடத்தில்தான் கிடைக்கும்.

இன்னொரு முன்னோடி ஏ.கே. செட்டியார். 1943இல் தொடங்கிய ‘குமரி மலர்’ இதழை 1983இல் கண் மூடும்வரை அவர் நடத்தினார். பிந்தைய இதழ்களில் பெரும்பகுதி புதிய எழுத்தே கிடையாது. முந்தைய நூற்றாண்டுப் பத்திரிகைகளிலும் மலர்களிலும் கிடந்த கட்டுரைகளைத் தேடி எடுத்து மறுபடி அச்சிட்டார். பழைய பயணக் கட்டுரைகளை மட்டும் தனியாகத் தொகுத்தும் வெளியிட்டார். காந்தியைப் பற்றி உலகம் சுற்றிப் படம் எடுத்த மனிதர், பிற்காலத்தில் பழைய காகிதத்தோடு உட்கார்ந்துவிட்டாரே என்று அன்றைக்குச் சிலர் நினைத்திருக்கக்கூடும். இன்றைக்கு ‘குமரி மலர்’ இல்லாமல் நூறு வருஷத்துக்கு முந்தைய தமிழ்நாட்டு ரயில் பயணத்தைப் பற்றி ஒருவர் எழுதினால், அந்தக் கட்டுரையில் ஒரு கை குறையும்.

மின்னஞ்சலுக்கு வருவோம். நிவர் புயலை எடுத்துக்கொள்கிறேன். அந்த வாரத்து வானிலைத் துறை அறிக்கைகள் வரிசை எண்ணோடு இருக்கின்றன. அன்றைக்கு எல்லோரும் படித்தது கடைசியாக வந்த ஒன்றைத்தான். புதியது வந்ததும் பழையதற்கு மதிப்பில்லை, அது இயல்பு. இப்போது அவற்றை முதல் எண்ணிலிருந்து வரிசையாகப் படித்துப் பாருங்கள். ஆரம்பத்தில் புயல் காரைக்காலுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே கரை கடக்கும் என்றார்கள். ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர் கடற்கரை. அதற்குள் இருந்த ஒவ்வொரு குப்பமும் தன்மேல்தான் வரப்போகிறது என்று நினைக்க உரிமை பெற்றிருந்தது.  கடைசியில் 2020 நவம்பர் 25 இரவு பதினொன்றரைக்கும் 26 அதிகாலை இரண்டரைக்கும் இடையே கரை கடந்தது என்று ஒரு புள்ளியைக் கொடுக்கிறார்கள்: வடக்கு அட்சரேகை 12.1, கிழக்குத் தீர்க்கரேகை 79.9. காற்று மணிக்கு 120 முதல் 130 கிலோமீட்டர், இடையிடையே 145.

அந்தப் புள்ளியை வரைபடத்தில் வைத்தால் மரக்காணத்துக்குத் தெற்கே, கூனிமேட்டுப் பக்கம் விழுகிறது. ஆனால் தசமத்துக்குப் பின்னால் ஒரே ஒரு எண்தானே இருக்கிறது? 12.1 என்பதில் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் தரையில் பதினொரு கிலோமீட்டர். அறிக்கைக்கு அது புள்ளி. அங்கே குடியிருப்பவர்களுக்கு அது பல குப்பங்களும் ஒரு பெரிய ஊரும் உப்பளமும் சேர்ந்த நிலப்பரப்பு. அந்தப் பதினொரு கிலோமீட்டருக்குள் அந்த மூன்று மணி நேரத்தில் யார் எங்கே இருந்தார்கள், எந்தப் பள்ளிக்கூடத்தில் படுத்தார்கள், எந்தப் படகை எந்தத் தென்னையோடு கட்டினார்கள் என்பது எந்த அறிக்கையிலும் கிடையாது. அறிக்கை எழுதியவர்மேல் குற்றமில்லை. அவர் வேலை இலக்கத்தோடு முடிந்தது, எழுத்தாளன் வேலை அங்கே தொடங்குகிறது. அன்று சென்னை ஊடகங்களின் கண் முழுக்கச் செம்பரம்பாக்கத்தின் மேல் இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2015 வெள்ளத்தின் நினைவில் தலைநகரம் ஏரி மதகைப் பார்த்துக்கொண்டிருந்தபோது புயல் இங்கே வந்து இறங்கியது.

அதே அறிக்கைகளின் கீழ்ப்பகுதியில் வழக்கமான பத்தி ஒன்று வரும். எதிர்பார்க்கப்படும் சேதம்: கூரை வீடுகள், மின்கம்பங்கள், மண் சாலைகள், வாழை மரம், பப்பாளி மரம். பெரும்பாலும் இது வார்ப்புரு; புயலின் பலத்துக்குத் தக்கபடி வாசகம் மாறும். அரசாங்க அறிக்கையில் பப்பாளி மரத்துக்கு இடம் கொடுத்த அந்தப் பெயர் தெரியாத அதிகாரியின்மேல் எனக்கு மரியாதை உண்டு. வீட்டுக் கொல்லையை ஒரு தடவையாவது பார்த்தவர்தான் அப்படி எழுதுவார். நவம்பரில் மரக்காணத்து உப்பளத்துக்கு என்ன சேதம் வரும் என்று யோசித்தால் விடை கொஞ்சம் வினோதமானது. பாத்திகள் அதற்குள் மழைநீரில் மூழ்கி ஏரி மாதிரி ஆகியிருக்கும், அங்கே இழப்பதற்கு ஒன்றுமில்லை. நஷ்டம் மேட்டில் இருக்கிறது. விலை ஏறட்டும் என்று குவித்து, ஓலையும் தார்ப்பாயும் போட்டு மூடிவைத்த குவியலைக் காற்று திறந்துவிட்டால், பின்னால் வருகிற மழை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். உப்பு கரைந்து போன இடத்தில் கரைந்ததற்கு அடையாளம்கூட நிற்காது. கூரை விழுந்தால் படம் எடுக்கலாம். கரைந்த உப்பைப் படம் எடுக்க முடியாது, அதனால் அது செய்தியாவதும் இல்லை.

பறவை மடல்களின் கதை வேறு. மும்பையில் ஜாபர் ஃபுடேஹாலி 1960ஐ ஒட்டித் தொடங்கிய ‘நியூஸ்லெட்டர் ஃபார் பேர்ட்வாட்சர்ஸ்’ ஆரம்பத்தில் உருட்டச்சுப் பிரதியாகச் சிலருக்கு மட்டும் தபாலில் போனது. சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய அதே காலம். இரண்டுக்கும் சந்தாதாரர்கள் சொற்பம், இரண்டுக்கும் பிடிவாதம் ஜாஸ்தி. ஃபுடேஹாலியின் மடலில் விஞ்ஞானிகளோடு வீட்டுக்காரர்களும் எழுதினார்கள். தோட்டத்தில் கூடு கட்டியது, குளத்தில் புதிதாக ஒரு வாத்து வந்தது என்று சின்னச் சின்னக் குறிப்புகள். அந்த மரபின் பேரப்பிள்ளைகள்தான் இன்று இன்பாக்ஸுக்கு வருகிற பறவை மடல்கள்.

மரக்காணத்தை ஒட்டிய கழுவெளியை இந்த மடல்களில் பின்தொடர்ந்தால் ஓர் ஏரியின் மதிப்பு எப்படி ஏறியது என்று தெரியும். பழவேற்காட்டை அடுத்து இந்தக் கரையின் பெரிய உவர்நீர்ப் பரப்பு அது. எடையன்திட்டு முகத்துவாரம் வழியாகக் கடலைத் தொடுகிறது. பழைய மடல்களில் ஆக்கிரமிப்பு, இறால் பண்ணை, வேட்டை என்ற புலம்பலோடுதான் அதன் பெயர் வரும். 2021 டிசம்பரில் 5,151 ஹெக்டேருக்கு மேல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் திருப்பூர் நஞ்சராயன் குளத்தோடு ராம்சார் ஈரநிலப் பட்டியலில் ஏறியது. இதைக் கடைசிச் செய்தியிலிருந்து தொடங்கி எழுதினால் அரசு விளம்பரமாகிவிடும். முதல் புலம்பலிலிருந்து எழுத வேண்டும். ராம்சார் என்ற பெயரே எட்டாத தூரத்தில் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சேற்றில் நின்று பூநாரைகளை எண்ணியவர்களுக்குத் தாங்கள் எதற்காக எண்ணுகிறோம் என்பதற்கு உத்தரவாதம் ஏதுமில்லை. எண்ணினார்கள், எழுதி அனுப்பினார்கள்.

வாய்ப்புகள் என்று சொல்லப்படுபவற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. எழுத்தாளர்களுக்கு வருகிற மடல்களில் பாதி நல்கையும் போட்டியும்தான். பெங்களூரின் கலைகளுக்கான இந்திய அறக்கட்டளை நல்கை தருகிறது, எந்த இந்திய மொழியிலும் விண்ணப்பம் எழுதலாம். தில்லியின் நேஷனல் ஃபவுண்டேஷன் ஃபார் இந்தியா 1990களிலிருந்து பத்திரிகையாளர்களுக்கு நல்கை கொடுத்துவருகிறது. இம்மாதிரி அறிவிப்பு வந்ததும் கடைசித் தேதியைப் பார்ப்போம், முடிந்திருந்தால் அழிப்போம். கடைசித் தேதி முடிந்த அறிவிப்புதான் எழுதுகிறவனுக்கு உபயோகம் என்று நினைக்கிறேன். ஒரே அமைப்பின் அழைப்பைச் சில வருஷத்துக்கு அடுக்கிவைத்துப் படித்தால், அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற விஷயம் ஒன்று தட்டுப்படும். திரும்பக் கேட்கிறார்கள் என்றால் திருப்தியான பதில் இன்னும் வரவில்லை என்று பொருள். கரையோர வாழ்க்கை, பெண்களின் கண்ணுக்குத் தெரியாத உழைப்பு, பருவம் தப்பிய மழை போன்றவை இப்படி வருஷா வருஷம் பாக்கி நிற்கிற கேள்விகள். நல்கை கிடைக்கிறதோ இல்லையோ, கேள்வி இலவசம்.

உப்பளம் என்றால் தமிழ் எழுத்தில் தூத்துக்குடிதான். ராஜம் கிருஷ்ணன் அங்கே போய், அளத்து மனிதர்களோடு பழகி ‘கரிப்பு மணிகள்’ நாவலை எழுதினார். அந்த அதிர்ஷ்டம் தூத்துக்குடிக்கு வாய்த்தது. மரக்காணத்தின் உப்புக்கும் வயசு குறைவில்லை. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இதுதான் என்பார்கள் ஆய்வாளர்களில் சிலர். சோழர் கல்வெட்டுகளில் இங்கத்து அளம் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துப் பக்கிங்காம் கால்வாய் காக்கிநாடாப் பக்கமிருந்து வந்து முடிகிற தென்கோடியும் மரக்காணம்தான். இத்தனை இருந்தும் ஊரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை சுனாமிக்கோ சாராயத்துக்கோதான் போகிறது. விபத்துக்குத் தொடக்கமும் முடிவும் தயாராக இருக்கின்றன. சாதாரண நாளுக்கு நாம்தான் வடிவம் கண்டுபிடிக்க வேண்டும். சோம்பல் அங்கேதான் பிறக்கிறது.

இப்படிச் சொல்லும்போதே ஒரு கவலையும் இருக்கிறது. காகிதத்துக்கு ரோஜா முத்தையா இருந்தார். கோட்டையூரில் அவர் சேர்த்த புத்தகமும் துண்டுப் பிரசுரமும் நாடக நோட்டீசும்தான் சென்னையில் 1994இல் ஆராய்ச்சி நூலகமாக எழுந்தன. மின்னஞ்சல் மடலுக்கு அப்படி யாரும் கிடையாது. பழைய மடலில் உள்ள இணைப்பை அழுத்தினால் பாதி திறக்காது, படம் இருந்த இடத்தில் வெற்றுக் கட்டம் நிற்கும். இரண்டு வருஷம் தொடாத கணக்கை அழித்துவிடுவோம் என்று கூகுள் அறிவித்து, 2023 டிசம்பர் முதல் நடைமுறைக்கும் கொண்டுவந்தது. காலமான ஒருவரின் இன்பாக்ஸில் இருந்த பத்து வருஷத்துச் சுற்றுமடல்கள் அவருடனேயே போய்விடும். எடைக்குப் போட்டாலாவது பொட்டலக் கடையில் யாராவது பிரித்துப் படிப்பார்கள். முக்கியமானவற்றைப் பிடிஎஃப் ஆக்கி இரண்டு இடத்தில் வைப்பதைத் தவிர இப்போதைக்கு வேறு வழியில்லை. சலிப்பான வேலைதான்.

மடல்களை அடுக்கிவைத்துப் படித்ததில் எனக்கு அகப்பட்ட ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1986இல் திருவனந்தபுரத்தில் பிறந்து சென்னையிலிருந்து இயங்குகிற மீன்தொழிலாளர் ஆதரவுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு, உலகம் முழுக்க வருகிற மீன்பிடிச் செய்திகளைச் சுருக்கி ‘சமுத்ரா நியூஸ் அலர்ட்ஸ்’ என்று மின்னஞ்சலில் அனுப்பும். 1999 முதல் ‘யெமாயா’ என்று மீன்தொழில் பெண்களுக்காகத் தனி மடலும் அவர்களுடையது. தமிழ்நாட்டுக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடை தொடங்கும். அந்தத் தேதியை ஒட்டி வருகிற செய்தி வருஷா வருஷம் ஒரே மாதிரி இருக்கும், அதனாலேயே யாரும் படிப்பதில்லை. அடுக்கிப் பார்த்தால்தான் 45 நாளாக இருந்த தடை 2017இல் 61 நாளானது தெரிகிறது. மீனவக் குடும்பங்களுக்கான தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆனதும் தெரிகிறது. இன்னொரு பக்கம் உப்பளத் தொழிலாளர்களுக்கு அரசு அறிவித்த மழைக்கால நிவாரணம் இருக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை அளத்தில் வேலை இல்லாத மாதங்களுக்கு 5,000 ரூபாய். மீன்வளத்துக்கு ஒரு துறை, உப்புக்கு இன்னொரு துறை. இரண்டு அறிவிப்பும் இரண்டு மடலில் வருகின்றன, ஒன்றையொன்று பார்ப்பதில்லை.

மரக்காணத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. விசைப்படகுகள் நிற்கிற சித்திரை வைகாசியில் உப்பளம் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏற ஏற பாத்தி வெளுக்கும், விடியுமுன்னே ஆட்கள் இறங்கிவிடுவார்கள். ஐப்பசி கார்த்திகையில் அளம் மூழ்கிக் கிடக்கும்போது கடலும் புயல் எச்சரிக்கையில் அடைபட்டிருக்கும். முதல் அடைப்புக்கு எதிர்க்கரையில் வேலை இருக்கிறது, இரண்டாவதற்கு எங்கேயும் இல்லை. நாட்டுப்படகுக்குத் தடை கிடையாது என்பதால் கணக்கு இவ்வளவு நேராக வராது. குப்பத்து ஆள் அளத்தில் கூலிக்கு இறங்குவாரா, அளத்து ஆள் வலை இழுக்கப் போவாரா, சாதியும் சொந்தமும் அதற்கு விடுமா, பெண்களுக்கு எந்தப் பக்கம் வேலை அதிகம் என்பதெல்லாம் கணக்கை இன்னும் கோணலாக்கும். அந்தக் கோணலில்தான் கட்டுரை இருக்கிறது; நாவலே இருக்கலாம்.

இதற்குமேல் மடல் உதவாது, நேரில்தான் போக வேண்டும். போகிறவர்கள் தை மாதத்தில் போகட்டும். மழைநீரை இறைத்துவிட்டுச் சேற்றை வழித்துப் பாத்தியை மிதித்துக் கெட்டியாக்குகிற நேரம் அது. ஆளோடு ஆள் பேசிக்கொண்டே செய்கிற வேலை, புதிய ஆள் வந்து நின்றாலும் பேச்சு நிற்காது. சித்திரையில் போனால் உப்பு நன்றாகப் படத்தில் விழும். ஆனால் அந்த வெயிலில் உங்களோடு நின்று பேச யாருக்கும் நேரமிருக்காது.